கொய்யாத் தோட்டத்தில் டெட்டால் வாசனை

“இது உயிரோடவா கீதும்மா?” என்று பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார் ஆட்டோக்காரர்.

“ஆமாங்கண்ணா.”

“இந்த வெள்ளப் பொடியா?”

“பொடி வெறும் டால்க். முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி. அதுல பாக்டீரியா இருக்கு. இப்போ மயங்கிக் கெடக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. தண்ணியும் வெல்லமும் சேர்த்தா முழிச்சுக்கும்.”

“முழிச்சிகினா?”

“பெருகும். மரத்தடியில ஊத்தினா வேரைச் சுத்தி இடம் பிடிச்சுக்கும். அப்புறம் பூஞ்சாணத்தை வேர்கிட்ட விடாது.”

பாக்கெட்டை மேசைமேல் வைத்தார். அதைத் தொட்ட விரல்களைக் காக்கிச் சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“மனுசன இன்னா பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாதுண்ணா. மண்ணுல எப்பவும் இருக்கறதுதான். செருப்பில்லாம நடந்தா நம்ம கால்ல ஒட்டற மண்ணுலயே இருக்கும்.”

“அது நல்லா கீற மனுசனுக்கு. நல்லா இல்லாத மனுசனுக்கு?”

“எப்படி நல்லா இல்லாதவங்க?”

அவர் வாசலில் நின்ற தன் ஷேர் ஆட்டோவைப் பார்த்தார். பிறகு வலது கையால் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

“இங்க ஒண்ணு இல்ல. அது இப்ப எங்க ஊட்டுக்காரி ஒடம்புல கீது. அதுக்கு ஒண்ணும் ஆவாதே?”

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாக்கெட்டோடு நாங்கள் தரும் ஆங்கிலக் குறிப்பில், ஆரோக்கியமானவர்களுக்குத் தீங்கில்லை என்ற வரிக்கு அடுத்த வரி இப்படி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கு ‘அரிதாக’த் தொற்று வரலாம் என்றிருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

“அரிதான்னா எவ்ளோ அரிது?”

“டாக்டரைக் கேட்டுட்டு வாங்கண்ணா. அவர் சரின்னா எடுத்துட்டுப் போங்க.”

“டாக்டர கேட்டா வாணாம்பாரு. மரத்த கேட்டா வேணும்னுது. ஒன்ன கேட்டா டாக்டர கேளுன்ற.”

பாக்கெட்டை எடுக்காமலே போய்விட்டார்.

கஜபதி அண்ணன் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே, மண் பாக்டீரியாவை வளர்த்துப் பொடியாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கும் சிறிய கூடம் எங்களுடையது. அங்கே கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனைத் தட்டுகளைக் கவனிப்பது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும், எத்தனை நாளில் பலன் தெரியும் என்று கேட்பார்கள். உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

அவர் பூந்தமல்லிக்கும் போரூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மாங்காட்டைத் தாண்டி உள்ளே போனால், அவருடைய கொய்யாத் தோட்டம். அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, ஏரிக் கால்வாய் அடைந்துபோன பிறகு கொய்யாவுக்கு மாறினார்கள். இப்போது மூன்று பக்கமும் குடியிருப்புகளின் குளியலறை ஜன்னல்கள் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கின்றன. நாலாவது பக்கத்தில் அவர் வீடு. கடைசி வரிசை மரத்தின் கிளை அவர்கள் சமையலறைக் கம்பியைத் தொடும். அவர் மனைவி கஸ்தூரி அக்காவின் மாத்திரைச் செலவு அந்த மரங்களில்தான் காய்த்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து அக்கா வீடு திரும்பியபோது ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்: கொதிக்கவைத்த தண்ணீர், முகக்கவசம், கடைத் தயிர் கூடாது, மண்ணில் கை வைக்கக் கூடாது. எல்லோரும் இதைக் கொஞ்ச காலம் கடைப்பிடிப்பார்கள். கஜபதி அண்ணன் மாலை போட்டவரின் விரதம்போல ஏற்றுக்கொண்டார், கழற்றாத மாலை. வாசற்படியை டெட்டால் போட்டுத் துடைத்தார். ஆட்டோவில் கைக்கு வந்த சில்லறையைக் கழுவிக் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார். குமணன்சாவடியில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் யூசுப் பாய், பல வருஷமாக இவருடைய கொய்யாவை வாங்குகிறவர். “மாமே, உன் ஆட்டோவுல ஏறி எறங்குனா ஆபரேசன் பண்ணிகினு வந்த மாறியே கீது” என்பாராம்.

அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் வாடல் நோய் வந்தது.

முதலில் கிணற்றோரத்து மரம். நுனி இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. பிறகு சிறு கிளைகள் காய்ந்தன. கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்ட காய்கள் கறுத்து, உதிராமல் தொங்கின. அதை வெட்டிப் போடுவதற்குள் அடுத்த மரம் மஞ்சளானது. அதற்கடுத்து, அதே வரிசையில் இன்னொன்று. கிணற்றடியிலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“கண்ணு தெரிஞ்சி நடக்கற மாறி வருது மாமே,” என்றாராம் யூசுப் பாய். “எங்க வருதுன்னு அதுக்குத் தெரியுது.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கஜபதி அண்ணன் அன்றிரவு சமையலறை ஜன்னலை மூடி ஆணி அடித்துவிட்டார். மரத்தைக் கொல்லும் பூஞ்சாணம் மனுஷியை விட்டுவைக்குமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அது முழுக்கத் தவறான பயம் என்றும் சொல்ல முடியாது. வாடல் பூஞ்சாணம் மரத்தைத் தேடுவது. ஆனால் பட்ட மரத்திலும் மட்கும் இலையிலும் வேறு பூஞ்சாணங்கள் வளரும். அவற்றின் தூள், மாத்திரையால் பலம் குறைந்த ஒருவரின் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. அப்படியே விட்டால் பூஞ்சாணம். மருந்து ஊற்றினால் பாக்டீரியா. இரண்டுக்கும் நடுவில் கஸ்தூரி அக்கா இருந்தார்.

பாக்கெட்டை எடுக்காமல் போன கொஞ்ச நாள் கழித்து கஜபதி அண்ணன் மறுபடி கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் செத்த மரத்தின் வேர்த்துண்டு. டாக்டர் சம்மதித்திருந்தார், நிபந்தனைகளோடு. கலக்கும்போதும் ஊற்றும்போதும் அக்கா பக்கத்தில் இருக்கக் கூடாது. மண் காயும்வரை தோட்டத்துக்குள் போகக் கூடாது. இவர் கையுறை, முகக்கவசம், ரப்பர் பூட்ஸ் போட்டு, குளித்து உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் போக வேண்டும். அக்காவுக்கு ஜுரம் என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மற்றதையெல்லாம் விரலை மடக்கிச் சொன்னவர், இந்தக் கடைசியை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வேரிலிருந்து வளர்த்த பூஞ்சாணத்தைத் தட்டில் ஒரு பக்கமும் எங்கள் பாக்டீரியாவை மறுபக்கமும் வைத்து, சில நாள் கழித்து அவருக்குக் காட்டினேன். பூஞ்சாணம் பஞ்சுபோல் படர்ந்து வந்து, பாக்டீரியாக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டிருந்தது. நடுவே ஒரு வெற்றுப் பட்டை.

நெடுநேரம் பார்த்தார். “பஸ்ல பொம்பளைங்க பக்கத்துல ஒரு சீட்டு உட்டு குந்தற மாறி கீது,” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஆனா ஒண்ணுண்ணா. இது செத்த மரத்தை எழுப்பாது. இன்னும் நோய் வராத மரத்தைத்தான் காப்பாத்தும்.”

“செத்தவங்கள யாரு கேட்டா? ஊட்டாண்ட வராம நின்னா போதும்.”

ஊற்றும் நாளில் அக்காவை, ஆவடியில் டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவந்தார். மறுமுறை ஊற்றும்போதும் அப்படியே. மட்கிய சாணத்தோடு கலந்து ஒவ்வொரு மரத்தடியிலும் ஊற்றியதாகச் சொன்னார். மரங்கள் மஞ்சளாவது நிற்கவில்லை. நோய் தோட்டத்தின் நடுப்பாதையைத் தாண்டிவிட்டது.

“உன் ஆளுங்க வந்து சும்மா படுத்துகினு கீறாங்க,” என்றார் போனில். குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது.

அவர் கலக்கும் டிரம்மில் மீதியிருந்த கரைசலில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி, தட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே வளரவில்லை. எங்கள் மேலாளர் வெற்றிச்செல்வன் சார், பொடியே கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்துவிட்டார். அதே தயாரிப்பில் எங்களிடம் இருந்த பாக்கெட்டைப் பிரித்துப் போட்டோம். தட்டு நிறைய வளர்ந்தது. அப்படியானால் தோட்டத்தில் ஏதோ நடக்கிறது. நேரில் போனேன்.

கேட்டைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திறந்தவெளியில், மரங்களுக்கு நடுவே, ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனை அடித்தது.

“அண்ணா, டிரம்மை எதுல கழுவறீங்க?”

“டெட்டால்ல. சுத்தமா இருக்கணும்ல?”

“கழுவிட்டு நல்ல தண்ணி ஊத்தி அலசுவீங்களா?”

அவர் பூட்ஸைப் பார்த்தார். “அலசுவேன். அப்பால… ஊத்தறதுக்கு முன்னாடி உள்ளாறயும் ஒரு மூடி.”

“கரைசலுக்குள்ளயா?”

வீட்டுக்குள்ளிருந்து, வாசல் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நின்ற கஸ்தூரி அக்காவின் குரல் வந்தது. “ஒரு மூடியா? கேளு கண்ணு, நல்லா கேளு. பாட்டிலு பாட்டிலா வாங்கியாறாரு. அண்ணாச்சி கடையில, பிரசவ ஆஸ்பத்திரி வெச்சிகிறியான்னு கேக்கறாரு.”

“நீ உள்ள போ, கஸ்தூரி.”

“நான் உள்ளதான்யா கீறேன். வெளிய எங்க உட்ட?”

அவர் என்னிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார். “டிரம்முல வேற கெட்ட கிருமி எதுனா பூந்துகிச்சின்னா அது சாவட்டும்னுதாம்மா ஊத்துனேன். உன்னுது நல்ல கிருமின்னு சொன்னியே. அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

“நல்லது எது கெட்டது எதுன்னு டெட்டாலுக்கு இன்னாய்யா தெரியும்?” என்றார் அக்கா. “ஓட்டா போட வந்துகீது?”

பக்கத்து மாடி ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். இதுவரை அவர் ஊற்றியது செத்த தண்ணீர். அதனால்தான் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் ஊற்றப்போவதுதான் உயிருள்ளது.

மறுவாரம் அவர் கேட்டுக்கொண்டபடி நானும் போனேன். புது டிரம், வெல்லக் கரைசல், மேலே மெல்லிய நுரை, லேசான புளிப்பு வாசனை. அக்கா இந்த முறை ஆவடிக்குப் போகவில்லை. தங்கை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி. அது இதைவிட ஆபத்து என்று டாக்டரே சொல்லிவிட்டார். தெருப்பக்க அறையில் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தார். கஜபதி அண்ணன் ஒவ்வொரு மரத்தடியிலும் மண் தெறிக்காமல், குழந்தைக்கு எண்ணெய் வைப்பவர்போல மெதுவாக ஊற்றினார். காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். வீட்டை ஒட்டிய வரிசைக்கு வந்தபோது கரைசல் பூட்ஸில் சிந்தியது. அப்படியே நின்றுவிட்டார்.

“ஒண்ணும் ஆகாதுண்ணா. ஊத்துங்க.”

“நீ சொல்லுவ,” என்றார். ஆனால் ஊற்றினார்.

பிறகு ஒரு நாள் காலை போன் வந்தது. “ஜொரம்மா,” என்றார். அவ்வளவுதான். பின்னால் ஆட்டோவின் இரைச்சல் கேட்டது.

சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார். என்ன ஊற்றினீர்கள் என்று டாக்டர் கேட்கிறாராம். பெயர் வாயில் வரவில்லையாம். நான் பாக்கெட்டையும் ஆங்கிலக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கொரட்டூரில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் ‘அரிதாக’ என்ற அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை முறை படித்தாலும் அது பெரிதாகவும் ஆகவில்லை, சிறிதாகவும் ஆகவில்லை.

கஜபதி அண்ணன் வார்டுக்கு வெளியே தரையில், சுவரில் முதுகு படாமல் குந்தியிருந்தார். எதையும் தொடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கைகளையும் மடியில் மல்லாக்க வைத்திருந்தார்.

இளம் டாக்டர் ஒருவர் பாக்கெட்டை வாங்கிப் படித்தார். “சூடோமோனாஸா?” என்றார். முகம் மாறியது. ஆஸ்பத்திரிகள் அஞ்சும் கிருமி ஒன்றுக்கு அதே குடும்பப் பெயர் உண்டு. இது வேறு இனம், மண்ணில் வாழ்வது, மனித உடம்பின் சூட்டில் சரியாக வளராது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், குறித்துக்கொண்டார். ஆனால் அந்த முதல் முகமாற்றத்தைக் கஜபதி அண்ணன் பார்த்துவிட்டார்.

இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயிருந்தன. எங்கள் கூடத்தில் செய்வதைத்தான் அங்கேயும் செய்வார்கள்: தட்டில் தடவி, என்ன முளைக்கிறது என்று காத்திருப்பார்கள். முளைப்பது தெரிய நேரமாகும். அவசரப்படுத்த வழி கிடையாது. எங்கள் பாக்டீரியா தட்டில் எப்படித் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடினால் அதுதான் வந்தது.

“எந்த மரத்துக்கு ஊத்தசொல்ல காத்து திரும்பிச்சின்னு யோசிச்சிகினே கீறேன்,” என்றார். “அந்தத் தண்ணித் தொட்டியாண்ட இருக்கறதா? இல்ல, துணி காயப்போடற மரமா? பூட்ஸ எங்க உட்டேன்? நடையிலயா, வெளியவா?”

“வெளியதாண்ணா விட்டீங்க. நான் பார்த்தேன்.”

“பாத்தியா?”

“பார்த்தேன்.”

மடியிலிருந்த கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நான் குடுத்தத நானே எடுத்துகினேனாம்மா?” என்று கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

சோதனை முடிவு வந்தது. குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமி சிறுநீர்ப் பாதையில் தொற்றியிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். எங்கள் பாக்டீரியா இரத்தத்திலும் இல்லை, சிறுநீரிலும் இல்லை. மருந்து ஏறியதும் ஜுரம் இறங்கியது. என்னைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “எத்தினி மரம் மிச்சம் கீது? அந்த ஆளு ஒயுங்கா சொல்ல மாட்டேன்றாரு.”

நடுப்பாதைக்கு வீட்டுப் பக்கம் புதிதாக எந்த மரமும் வாடவில்லை. வீட்டை ஒட்டிய வரிசையில் துளிர் வந்திருந்தது. கிணற்றோரம் முழுக்க வெறும் குழிகள். எங்கள் பாக்டீரியா மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். செத்த மரங்களை வேரோடு தோண்டி எரித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். யூசுப் பாய் மறுபடி கூடையோடு வந்தார். “மாமே, பயம் தெளிஞ்சிதா? காய் கீதா?” என்றாராம்.

பயம் தெளியவில்லை. அக்கா வீடு திரும்பிய பிறகும் கஜபதி அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. சமையல் சாமான்களைக் கடையில் வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றார். தூங்குவது ஆட்டோவில். ஊற்றுவதும் நிற்கவில்லை, நிறுத்தினால் நோய் திரும்பும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். “ஆட்டோவ ரெண்டாங் கல்யாணம் பண்ணிகினாரு கண்ணு,” என்று அக்கா போனில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நீ எதுனா சொல்லேன். டாக்டரு சொல்லியும் கேக்கல. என் மூஞ்ச நேரா பாத்து பேசி எத்தினி நாளாவுது தெரியுமா?”

அவரிடம் சொன்னேன். சோதனை முடிவை எடுத்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒரு காலை நான் கூடத்தைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து, என் மேசையின்மேல் படாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். தேய்த்துத் தேய்த்துத் தோல் வெளுத்து, விரல் இடுக்குகளில் வெடித்திருந்தது. எந்த மனிதக் கையைத் தட்டில் வைத்தாலும் ஏதாவது முளைக்கும். என் கையிலும் முளைக்கும், கழுவிவந்த டாக்டர் கையிலும் முளைக்கும். உயிரோடிருக்கும் தோலில் எப்போதும் ஏதோ குடியிருக்கும். அது அவருக்குத் தெரியாது.

“இத்த உன் தட்டுல ஒரு தபா வெச்சி எடும்மா,” என்றார். “உன்னுது இல்லன்னு மட்டும் சொல்லி அனுப்பாத. எதுவுமே மொளைக்கக் கூடாது. ரெண்டு நாளு ஆனாலும் காத்துகினு கீறேன். ஒண்ணும் மொளைக்கலன்னு நீ சொல்லு, நான் ஊட்டுக்குள்ள போறேன்.”